மாற்றங்கள்: பூஜ்யம்

டௌகவா ஆறு உறைந்துபோன வாரம்.
ரீகாவில் டிராம்கள் தண்டவாளத்தில் மணலைத் தூவித் தூவி
மேடேறுகின்றன.
எங்கள் அடித்தளத்தில் மட்டும் கோடை:
நாற்பத்தாறு சர்வர்கள் விடும் மூச்சில்
இல்மார்ஸ் சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறான்.

மேகத்துக்கு மீட்டர் வைப்பது எங்கள் வேலை.
யாருடைய எந்திரம் எத்தனை நொடி விழித்திருந்தது,
யாருடைய சரக்கு எத்தனை நாளாய் வட்டில் உறங்குகிறது,
எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறே கல்லாகிவிட்ட ஊரில்
அளப்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் நாற்பத்தாறு படிக்கும் நாற்பத்தாறு வாய்.
ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணும்.
இன்னொன்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை,
அதுவும் மனமிருந்தால்.
பன்னிரண்டாவதன் கடவுச்சொல் காலாவதி.
ஒன்பது மாதமாய் அது கதவைத் தட்டித் தட்டி
‘மறுக்கப்பட்டது’ என்று தானே எழுதி
தானே படித்துக்கொண்டிருந்தது.
எல்லாம் கையால் எழுதிய அமைப்புகள்.
அவசரத்தில் எழுதியவை, பின்னிரவில் எழுதியவை,
ரயிலுக்கு நேரமாகிவிட்ட எவரோ
கோட்டை மாட்டிக்கொண்டே எழுதியவை.

நான் ஒரே ஒரு கோப்பு எழுதினேன்.
இதைச் செய் என்றல்ல,
இப்படி இரு என்று.
செய் என்றால் மறுமுறையும் செய்யும்.
இரு என்றால்
ஏற்கெனவே அப்படி இருப்பது சும்மா இருக்கும்.

முதல் ஓட்டம். மாற்றங்கள்: நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இரண்டாவது. மாற்றங்கள்: மூன்று.
(என் பிழை. ஒரு காற்புள்ளி.)
மூன்றாவது. மாற்றங்கள்: பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை இல்மார்ஸ் எழுந்து நின்று பார்த்தான்.
பிறகு காபி வாங்கித் தந்தான்.
அவன் வாங்கித் தந்ததாக முன்பு வரலாறு இல்லை.

மாதக் கடைசியில் ஒரு கடிதம்.
ஜிக்ரீதா லாப்ஸா, கடலோரத்தில் வௌவால்களை எண்ணுகிறவர்.
இலையுதிர் இரவுகளில் தெற்கே போகும் கூட்டத்தின்
நம் காதுக்கு எட்டாத குரல்களைப் பிடித்து
எங்கள் எந்திரம் ஒன்றில் சலித்தெடுக்கிறவர்.
‘ஆறு வருடம் வராத பில்
ஏழாம் வருடம் எப்படி வந்தது?
என் மானியம் இரண்டு ஒலிவாங்கிக்கும் பெட்ரோலுக்குமே சரி.’

பழைய கோப்புகளின் நகலைத் திறந்தேன்.
முப்பத்தொன்றாம் சர்வர்.
அளக்க வேண்டாதவை என்ற பட்டியலில் ஒற்றை எண்.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு:
‘தொடாதீர்கள். வௌவால். வீஸ்மா.’

வீஸ்மா பெர்கனுக்கு வேலை மாறிப் போய் மூன்று வருடம்.
யாரையும் கேட்காமல் யாருக்கும் சொல்லாமல்
ஒற்றை வரியில் செய்து வைத்த தயவு.
என் கோப்புக்கு அது பிழை.
ஒரே ஒருமுறை துடைத்தது.
அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை வந்து
எல்லாம் சரி, எல்லாம் சரி என்றது.

கையால் திரும்ப எழுதலாம்.
முப்பது நிமிடம் உயிரோடு இருக்கும்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.
தயவைக் கோப்புக்குள்ளேயே எழுதினேன்,
பேர்போட்டு, எல்லோரும் படிக்கும்படி.
வெளிச்சத்தில் அது கொஞ்சம் கூசியது.
விலக்கு: வௌவால் ஆய்வு.
காரணம்:
இங்கே வெகுநேரம் நின்றேன்.
‘பணம் இல்லை’ என்று எழுதி அழித்தேன்.
‘இதுவரை இப்படித்தான்’. அழித்தேன்.
கடைசியில், ‘அவரும் எண்ணுகிறார்’.

இல்மார்ஸ் ஒப்பினால்தான் கோப்பு போகும்.
படித்தான். சிரித்தானா தெரியவில்லை.
ஓரத்தில் ஒரே கேள்வி போட்டிருந்தான்:
‘எதுவரை?’

அந்தக் கட்டம் தேதியை மட்டுமே ஏற்கும்.
மேலே, ஆற்றுப் பனியில் துளையிட்டு
தூண்டிலோடு குந்தியிருப்பவர்களிடம் கேட்டால்
அவர்களுக்கும் தெரியாது.
கடைசி வௌவால் கடலைத் தாண்டும் நாளாக இருக்கட்டுமென்று
செப்டம்பர் முப்பது என்று அடித்தேன்.

எந்த வருடம் என்று கேட்கிறது.